'உலக குரு' வேலையை ராஜினாமா செய்தவர்: மதனப்பள்ளி ஜே.கிருஷ்ணமூர்த்தியும் உதவாத சூப்பர் பவர்களும்

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் எல்லாச் சக்தியும் ஒரே தரம் கிடையாது. பறப்பது, சுவரை உடைப்பது, கண்ணிலிருந்து நெருப்பு விடுவது எல்லாம் முன்வரிசை. பின்வரிசையில் சில பரிதாபமான ஆட்கள் உண்டு. டிசி காமிக்ஸில் 1962-ல் அறிமுகமான மேட்டர் ஈட்டர் லேட், இரும்போ கல்லோ எதைக் கொடுத்தாலும் தின்று செரித்துவிடுவான். அவ்வளவுதான் அவன் சக்தி. அதே நிறுவனத்தின் கதையில் 1989-ல் வந்த ஆர்ம் ஃபால் ஆஃப் பாய், தன் கையைத் தோளிலிருந்து கழற்றி அதையே கட்டையாக வைத்து அடிப்பான். நம்மூரில் 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், ஆனால் இரும்புக்கை மட்டும் அப்படியே வெளியே தெரியும். கரண்ட் கட் ஆனால் ஹீரோயிசமும் கட்.

இதெல்லாம் கற்பனை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நிஜ வாழ்க்கையில் ஒரு 14 வயதுப் பையனைப் பிடித்து, உனக்குள் உலகத்தையே மாற்றப்போகும் சக்தி இருக்கிறது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவனுக்காக ஒரு சர்வதேச அமைப்பு தொடங்கினார்கள், சொத்துகளை எழுதிவைத்தார்கள், லண்டன் வரை வழக்கும் நடத்தினார்கள். அந்தப் பையன் ஆந்திராவின் மதனப்பள்ளியில் பிறந்தவன். பின்னாளில் உலகம் அவரை ஜே.கே. என்று அழைத்தது. தத்துவவாதி ஜே.கிருஷ்ணமூர்த்தி.

அவருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட சக்திகள் என்னென்ன? அவற்றால் யாருக்கு என்ன பயன்? அந்தப் பதவியை அவர் ஏன் உதறினார்? விரிவாகப் பார்ப்போம்.

மதனப்பள்ளியின் 'மந்தமான' பையன்

ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் பிறந்தார். மதனப்பள்ளி அப்போது சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. திருப்பதி, காளஹஸ்தி, மதனப்பள்ளி எல்லாம் அடங்கிய அந்தப் பழைய சித்தூர் மாவட்டம் 2022-ல்தான் பிரிக்கப்பட்டது.

தாய்மொழி தெலுங்கு. அப்பா நாராயணய்யா ஆங்கிலேய அரசின் வருவாய்த் துறையில் தாசில்தார் நிலைக்கு உயர்ந்தவர். அம்மா சஞ்சீவம்மா. கிருஷ்ணமூர்த்தி எட்டாவது குழந்தை. கண்ணனும் தேவகிக்கு எட்டாவது பிள்ளை என்பதால் அந்தப் பெயர்.

சின்ன வயதிலேயே மலேரியா வந்து வாட்டியது. பள்ளிக்கூடத்தில் எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், பாடம் ஏறாது. வாத்தியாரிடம் அடி வாங்குவது தினசரி வேலை. மூன்று வயது இளைய தம்பி நித்யானந்தா இதற்கு நேரெதிர்: துறுதுறு, படிப்பில் சுட்டி.

1905 டிசம்பரில் அம்மா இறந்துவிட்டார். அப்போது கிருஷ்ணமூர்த்திக்குப் பத்து வயது. இறந்துபோன அக்காவையும் பிறகு அம்மாவையும் தான் பார்த்ததாக அவர் இளைஞராக இருந்தபோது எழுதிய நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். பின்னாளில் அவர் பெயரில் நீண்ட 'சக்திகள்' பட்டியலில் முதல் வரி இதுதான். அம்மாவை இழந்த ஒரு குழந்தை அம்மாவைப் பார்த்தது. அதற்குச் சக்தி என்று பெயர் வைப்பதா, துக்கம் என்று பெயர் வைப்பதா என்பது படிப்பவர் விருப்பம்.

அடையாறு கடற்கரையில் நடந்த 'செலக்‌ஷன்'

நாராயணய்யா 1882 முதலே பிரம்மஞான சபை உறுப்பினர். பணி ஓய்வுக்குப் பிறகு வருமானம் போதவில்லை. சபையின் தலைவர் அன்னி பெசன்டுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதி, சென்னை அடையாறு தலைமையகத்தில் ஒரு வேலை வாங்கினார். 1909 ஜனவரியில் பிள்ளைகளுடன் வந்து, சபை வளாகத்துக்கு வெளியே ஒரு இடிந்த வீட்டில் குடியேறினார்.

இங்கே கொஞ்சம் பின்னணி தேவை. மனித குலத்தை இமயத்துக்கு அப்பால் இருக்கும் மகாத்மாக்கள் மறைமுகமாக வழிநடத்துகிறார்கள் என்பது பிரம்மஞான சபையின் நம்பிக்கை. மைத்ரேயர் ஒரு மனித உடலுக்குள் இறங்கி உலக குருவாக வருவார், அதற்கு ஓர் உடலைத் தயார்செய்ய வேண்டும் என்று பெசன்டும் அவரது சகாவான சி.டபிள்யூ.லெட்பீட்டரும் நம்பினார்கள். திபெத்தில் ரகசிய ஞானிகள், அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறுவன், உடலை விட்டுப் பறக்கும் ஆன்மா – எங்கோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? 1939-ல் அமெரிக்காவில் வந்த அமேசிங் மேன் என்ற காமிக்ஸ் நாயகன், திபெத்தில் ஏழு பேர் கொண்ட குழுவால் வளர்க்கப்பட்ட அநாதைச் சிறுவன். பச்சைப் புகையாக மாறுவது அவன் சக்தி. 1963-ல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் இமயத்துக்குப் போய்த்தான் வித்தை கற்கிறார். மேற்கத்திய வாசகர்களிடம் திபெத் ஞானிகள் மீதான இந்த மோகத்தைப் பரப்பியதில் பிரம்மஞான சபைக்குப் பெரிய பங்கு உண்டு.

காமிக்ஸுக்கு முன்பே அந்தக் கதை அடையாறில் நிஜமாக அரங்கேறியது. 1909-ல் ஒரு மாலை, அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்தில் குளித்துக்கொண்டிருந்த சிறுவர்களில் கிருஷ்ணமூர்த்தியை லெட்பீட்டர் பார்த்தார். தான் இதுவரை கண்டதிலேயே அற்புதமான ஆரா, அதாவது ஒளிவட்டம், அந்தப் பையனைச் சுற்றி இருப்பதாகவும், அதில் துளி சுயநலம்கூட இல்லை என்றும் அறிவித்தார். பையன்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துவந்த எர்னஸ்ட் வுட் என்பவருக்கு ஒரே ஆச்சரியம். அவர் பார்த்தவரை அந்தக் கூட்டத்திலேயே மந்தமான பையன் இவன்தான்.

கவனித்தீர்களா? இந்த சூப்பர் பவர் அதை வைத்திருப்பவருக்கே தெரியாது. இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அந்த இன்னொருவரைச் சுற்றியும் சர்ச்சை இருந்தது. சிறுவர்களுக்குத் தவறான ஆலோசனை சொன்னார் என்ற புகாரில் லெட்பீட்டர் 1906-ல் சபையிலிருந்து விலகியவர், பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்.

அதைவிட வேடிக்கை, இந்தப் பதவிக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாகிவிட்டது. ஹூபர்ட் வான் ஹூக் என்ற அமெரிக்கச் சிறுவனை லெட்பீட்டர் முன்பே தேர்ந்தெடுத்திருந்தார். அவன் 1909 நவம்பரில் அம்மாவுடன் அடையாறு வந்து இறங்கியபோது நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

சக்திகளின் பட்டியல்

ஜே.கே.யின் பெயரில் சொல்லப்பட்ட சக்திகளை, யார் சொன்னது, என்ன பயன் என்ற இரண்டு கேள்விகளுடன் வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது:

1. ஒளிவட்டம். சொன்னவர் லெட்பீட்டர். பார்த்ததும் அவர்தான். அந்தச் சிறுவனின் முழு வாழ்க்கையையும் திசைமாற்றியது என்பதுதான் இதன் ஒரே விளைவு.

2. முன்பிறவிகள். ஆல்சியோன் என்ற நட்சத்திரப் பெயரைச் சிறுவனுக்குச் சூட்டி, அவனது 30 முன்பிறவிகளை லெட்பீட்டர் தன் ஞானக்கண்ணால் 'ஆராய்ந்தார்'. முதல் பிறவி கி.மு. 22,662, கடைசிப் பிறவி கி.பி. 624. சராசரி போட்டால் சுமார் 800 ஆண்டுக்கு ஒரு பிறவி. 1910 முதல் இது சபையின் பத்திரிகையில் தொடராக வந்தது. பெசன்டும் லெட்பீட்டரும் வேறு நட்சத்திரப் பெயர்களில் அதில் பாத்திரங்கள். முன்பிறவியில் யார் யாருக்கு என்ன உறவு என்று அடையாறில் பெரிய போட்டியே நடந்தது. தொடரில் தன் பெயர் வராதவர்களுக்கு மனவருத்தம்.

3. பிரிக்காத கடிதத்தைப் படிப்பது, பிறர் மனதில் ஓடுவதை அறிவது. இளம் வயதில் இது தனக்கு இருந்ததாகவும், அதில் ஆர்வம் இல்லாமல் விட்டுவிட்டதாகவும் ஜே.கே.யே பின்னாளில் நெருங்கியவர்களிடம் சொன்னதாக அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர் மேரி லட்யன்ஸ் பதிவு செய்கிறார். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது நாகரிகம் இல்லை என்பதுதான் அவர் நிலைப்பாடு. இன்றைய பாஷையில், பிரைவசி.

4. கை வைத்துக் குணப்படுத்துவது. நண்பர்கள் பலர் சொன்னது. பூதான இயக்கத்தில் வேலை செய்த விமலா தக்கர், 1960-களின் தொடக்கத்தில் தன் காது உபாதை ஜே.கே.யின் கை பட்டுத் தீர்ந்ததாக எழுதியிருக்கிறார். இதை மட்டும் ஜே.கே. மறுக்கவும் இல்லை, விளம்பரப்படுத்தவும் விடவில்லை. மருத்துவ ரீதியாக யாரும் சோதித்ததும் இல்லை.

5. தானே எல்லாமாக மாறுவது. இது எல்லாவற்றையும்விட விநோதம். 1922 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் கழுத்திலும் தலையிலும் பொறுக்க முடியாத வலி, காய்ச்சல், நினைவு தப்புதல் என்று சில நாட்கள் கிடந்தார். அப்போது சாலை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளியைப் பார்த்ததும் அந்த ஆளாகவும், அவர் கையிலிருந்த பிக்காசாகவும், உடைபடும் கல்லாகவும் தன்னையே உணர்ந்ததாக எழுதினார். பிறகு ஒரு மிளகு மரத்தின் அடியில் உட்கார்ந்தபோது ஆழ்ந்த அமைதி வந்தது என்கிறார். அந்த வலி பல பத்தாண்டுகளுக்கு விட்டுவிட்டு வந்தது. கல்லாக உணர்வதை வைத்து எந்த வில்லனையும் அடிக்க முடியாது. எந்தக் காமிக்ஸ் எடிட்டரும் முதல் மீட்டிங்கிலேயே வேண்டாம் என்றிருப்பார். ஆனால் ஜே.கே. தன் பிற்கால வாழ்க்கை முழுக்கப் பேசியது ஏறக்குறைய இதைப் பற்றித்தான்: பார்ப்பவன், பார்க்கப்படுவது என்ற பிரிவு உண்மையிலேயே இருக்கிறதா என்று.

ஒரு சிறுவன், இரண்டு குடும்பங்கள், ஒரு வழக்கு

தேர்வு முடிந்ததும் பயிற்சி. பள்ளியிலிருந்து நிறுத்தி, ஆங்கிலம், டென்னிஸ், சைக்கிள், மேற்கத்திய உடை, மேற்கத்திய சாப்பாட்டு முறை எல்லாம் பழக்கினார்கள். வாயைத் திறந்தபடியே இருக்கிறான் என்று லெட்பீட்டர் தாடையில் அடித்த கதையும் உண்டு. 1910-ல் ஆல்சியோன் என்ற பெயரில் ஒரு சிறிய ஆன்மிக நூல் வெளிவந்து பல மொழிகளுக்குப் போனது. 1911-ல் அவரைத் தலைவராகக் கொண்டு கீழ்த்திசை நட்சத்திர சங்கம் தொடங்கப்பட்டது. தலைவருக்கு வயது 15.

முதலில் சம்மதித்து, 1910 மார்ச்சில் இரு மகன்களின் பொறுப்பையும் பெசன்டிடம் எழுதிக்கொடுத்த நாராயணய்யாவுக்கு மெல்லப் பயம் பிடித்தது. பிள்ளைகள் கையை விட்டுப் போகிறார்கள், மகனைக் கடவுளாக்குகிறார்கள், அதுவும் லெட்பீட்டரின் நிழலில். 1912-ல் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் சி.பி.ராமசாமி ஐயர். எதிர்த்தரப்பில் பெசன்ட் தனக்குத் தானே வாதாடினார்.

1913 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிள்ளைகளை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். லெட்பீட்டர் மீதான மோசமான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அவரது கருத்துகள் சிறுவர்களைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளத் தகுதியற்றவை என்று நீதிமன்றம் கருதியது. மேல்முறையீட்டிலும் பெசன்ட் தோற்றார். கடைசியாக லண்டன் பிரிவி கவுன்சில் 1914 மே மாதம் அவர் பக்கம் நின்றது. இங்கிலாந்தில் இருந்த அந்தப் பிள்ளைகளின் விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லை, வழக்கு தொடுத்த முறையே சரியில்லை என்பது முக்கியமான காரணங்கள். பெசன்ட் எதிர் நாராயணய்யா என்ற அந்த வழக்கு, குழந்தைகளின் பாதுகாவலர் உரிமை பற்றிய இந்தியச் சட்ட விவாதங்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

நான்கு ஆண்டுகளாகச் சுற்றியிருந்த எல்லோரும் அந்தச் சிறுவனைப் பற்றிப் பேசினார்கள். அவனிடம் யாரும் கேட்கவில்லை என்பதை முதலில் எழுத்தில் பதிவு செய்தது ஒரு நீதிமன்றம்தான்.

இங்கிலாந்தில் உலக குருவின் மார்க் ஷீட் மோசம். ஆக்ஸ்ஃபோர்டு சேர்த்துக்கொள்ளவில்லை. லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோல்வி. தம்பி நித்யா சட்டம் படித்துத் தேறினார். அண்ணன் மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டினார், நன்றாக உடுத்தினார், துப்பறியும் நாவல்கள் படித்தார். அந்த ஊரில் இருவருக்கும் துணை அவர்களே. 1921-ல் நித்யாவுக்குக் காசநோய் என்று தெரியவந்தது. வறண்ட காற்று நல்லது என்பதால்தான் சகோதரர்கள் 1922-ல் ஓஹாய் போனார்கள்.

தேவைப்பட்ட ஒரே நாளில்

1925 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் பொன்விழா. உலக குரு இல்லாமல் விழாவா? நித்யா ஓஹாயில் படுத்த படுக்கையாக இருந்தார். விட்டுவிட்டு வர ஜே.கே.வுக்கு மனமில்லை. ஆனால் நித்யாவின் உயிருக்கு ஆபத்தில்லை என்று மகாத்மாக்கள் தனக்கு உறுதியளித்ததாக அவர் நம்பினார். உலகப் பணிக்கு நித்யா தேவை, எனவே அவரைச் சாகவிட மாட்டார்கள். அந்த நம்பிக்கையில் கப்பல் ஏறினார்.

கப்பல் சூயஸ் கால்வாயை நெருங்கும்போது நித்யாவுக்கு ஃப்ளூ என்று தந்தி வந்தது. அடுத்த தந்தி, நித்யா நவம்பர் 13 அன்று இறந்துவிட்டார் என்றது. வயது 27.

கப்பலில் அதே அறையில் இருந்த நண்பர் சிவராவ், பின்னர் அந்த நாட்களைப் பற்றிச் சொன்னார். இரவெல்லாம் அழுகை, தெலுங்கில் தம்பியைக் கூப்பிட்டுப் புலம்பல். பழகியவர்களுக்கு மறந்தேபோய்விட்டது என்று தோன்றிய தாய்மொழி அப்போதுதான் திரும்ப வந்தது. பயணம் முடிவதற்குள் அவர் அடங்கிவிட்டார். ஆனால் வேறு ஆளாக இருந்தார்.

ஒளிவட்டம், 30 பிறவிகள், ஞானிகளின் நேரடித் தொடர்பு – எல்லாம் கையில் இருந்தும் தம்பியைக் காப்பாற்றவில்லை. உலகத்தைக் காப்பாற்றும் சக்தி என்று பதினாறு வருடம் சொல்லி வளர்த்தது, ஒரு வீட்டில் ஓர் உயிர் போகும்போது எதற்கும் உதவவில்லை. மகாத்மாக்கள் மீதான நம்பிக்கை அந்தக் கப்பலிலேயே உடைந்தது என்று மேரி லட்யன்ஸ் உட்படப் பலரும் கருதுகிறார்கள். வெளியே அது தெரிய இன்னும் நாலு வருடம் ஆனது.

ராஜினாமா

நட்சத்திர சங்கத்தில் அப்போது 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். நெதர்லாந்தின் ஓமென் நகருக்குப் பக்கத்தில் ஒரு பிரபு தன் கோட்டையையும் சுமார் 5,000 ஏக்கர் நிலத்தையும் கொடுத்திருந்தார். ஆண்டுதோறும் முகாம், பல நாட்டுக் கூட்டம்.

1929 ஆகஸ்ட் 3. ஓமென் முகாமில் 3,000-க்கும் மேற்பட்டோர், முன்னால் அன்னி பெசன்ட். 34 வயது ஜே.கே. எழுந்து சங்கத்தைக் கலைப்பதாக அறிவித்தார். உண்மையை ஓர் அமைப்பின் மூலம், மதத்தின் மூலம், குருவின் மூலம் அடைய முடியாது. தனக்குச் சீடர்கள் வேண்டாம். யாராவது ஒருவர் வந்து உங்களைக் காப்பாற்றுவார் என்று காத்திருப்பதுதான் உங்களைக் கட்டிவைத்திருக்கிறது. இதுதான் சாரம். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. கோட்டையையும் நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு பிரம்மஞான சபையிலிருந்தும் விலகினார்.

யோசித்துப் பாருங்கள். நல்ல சம்பளம், உலகம் முழுக்கப் பயணம், கேள்வி கேட்காத ரசிகர் கூட்டம், ஆயுள் முழுக்க உத்தரவாதமான வேலை. கையில் டிகிரிகூட இல்லாத ஒருவர் அதை விட்டார். 80 வயதைத் தாண்டிய பெசன்டுக்கு அது பெரிய அடி. ஆனாலும் மகனாக நினைத்தவர் மீதான பாசத்தை அவர் 1933-ல் இறக்கும்வரை விடவில்லை.

இது நம்மூருக்குப் புதுசா?

இல்லை. சக்தியை நம்பாதே என்று சொல்லும் மரபும் சக்தியைக் கொண்டாடும் மரபைப் போலவே நம்மிடம் பழசு. பதஞ்சலியின் யோக நூல் ஒரு பகுதி முழுக்கச் சித்திகளைப் பட்டியல் போட்டுவிட்டு, இவை சமாதிக்குத் தடை என்றும் சொல்லிவைக்கிறது.

மதனப்பள்ளியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருப்பதியில்தான் கொங்கணச் சித்தர் சமாதி அடைந்தார் என்பது சித்தர் மரபின் நம்பிக்கை. அவர் கதை தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். தலையில் எச்சமிட்ட கொக்கை முறைத்துப் பார்த்தே எரித்தார். அந்தப் பெருமிதத்தோடு பிச்சைக்குப் போன வீட்டில், கணவருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் வருவேன் என்று காக்கவைத்த வாசுகியை முறைத்தார். ஒன்றும் ஆகவில்லை. காட்டில் நடந்த கொக்கு விஷயம் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்ததுதான் மிச்சம். மகாபாரதத்தில் கௌசிகன் பெயரில் வரும் கதை தமிழில் கொங்கணருக்கும் வள்ளுவர் வீட்டுக்கும் மாறியிருக்கிறது. உதவாத சூப்பர் பவர்களுக்கு ரேங்க் போட்டால் கொக்கு எரிப்பதற்கு நிச்சயம் ஒரு இடம் உண்டு.

ஆனால் ஜே.கே. இந்த மரபிலும் முழுசாக அடங்க மாட்டார். கொங்கணர் கதை சின்ன சக்தியை விட்டுப் பெரிய சக்திக்குப் போகச் சொல்கிறது. ஜே.கே. அந்த ஏணியே வேண்டாம் என்றார்.

முகமூடிக்குப் பின்னால்

பதவியை விட்டதால் அவர் அப்பழுக்கற்றவர் ஆகிவிடவில்லை. அவரது நூல்களையும் நிதியையும் பல ஆண்டுகள் நிர்வகித்தவர் தமிழகத்தைச் சேர்ந்த டி.ராஜகோபால். 1960-களில் இருவருக்கும் முறிந்தது. சொத்து, பதிப்புரிமை, ஆவணங்கள் மீதான தகராறு 1970-களில் கலிஃபோர்னியா நீதிமன்றம் வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. அமைப்புகளே வேண்டாம் என்றவரின் பெயரில் அறக்கட்டளைகள் உருவாகி, அவற்றுக்காக வழக்கும் நடந்தது என்பது விமர்சகர்கள் சுட்டும் முரண்.

அதைவிடக் கடுமையானது 1991-ல் வந்தது. ராஜகோபாலின் மகள் ராதா ஸ்லாஸ், தன் அம்மா ரோசலிண்டுடன் ஜே.கே.வுக்குப் பல ஆண்டுகள் ரகசிய உறவு இருந்ததாகப் புத்தகம் எழுதினார். புனிதர் என்ற பிம்பத்தோடு வாழ்ந்தவர் வீட்டுக்குள் நேர்மையாக இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. மேரி லட்யன்ஸ் பதில் நூல் எழுதினார். உறவு இருந்ததை அவரும் மறுக்கவில்லை, புத்தகம் காட்டிய சித்திரத்தைத்தான் ஏற்கவில்லை.

தனக்கு அதிகாரம் வேண்டாம் என்றவரைச் சுற்றியும் பக்தி கூடத்தான் செய்தது. கேள்வி கேளுங்கள் என்று அறுபது வருடம் சொன்னார், பலர் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டார்கள். அவருக்கே இது தெரிந்திருந்தது, எரிச்சலும் பட்டார். மற்றபடி காரைத் துடைத்துப் பளபளப்பாக்குவது, நீண்ட நடை, துப்பறியும் கதை என்று நாட்கள் போயின. 1970-ல் முதுகுக் காயத்தால் படுத்திருந்த புரூஸ் லீ அவரது நூல்களைப் படித்து, எந்தப் பாணிக்கும் கட்டுப்படாத சண்டைக் கலை என்ற தன் எண்ணத்துக்கு வலுச் சேர்த்துக்கொண்டார் என்பது சினிமா ரசிகர்களுக்கான தகவல்.

பள்ளத்தாக்கில் மிஞ்சியது

1920-களின் நடுவில் தன் பிறந்த ஊர்ப் பக்கம் ஒரு கல்வி நிலையம் தொடங்க ஜே.கே. இடம் தேடினார். மதனப்பள்ளிக்கு அருகே, வறண்ட பாறைக் குன்றுகளுக்கு நடுவில், பெரிய ஆலமரம் நின்ற ஒரு பள்ளத்தாக்கு பிடித்துப்போனது. அதுதான் ரிஷி வேலி. மழை குறைந்த, நிலம் தேய்ந்த பகுதி. மரம் நட்டு, தண்ணீர் தேக்கி, பள்ளி வளர்ந்தது. ஒப்பிடுவது, போட்டி, தண்டனை, பயம் இவை இல்லாமல் குழந்தை கற்க முடியுமா என்பதுதான் ஜே.கே. கல்வி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. தினமும் அடி வாங்கிய 'மந்தமான' பையன் கேட்கும் கேள்வி இது என்பதை மறக்கக் கூடாது.

ரிஷி வேலி கட்டணம் கட்டிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளி. எல்லோருக்கும் எட்டாது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அதன் கிராமக் கல்வி மையம் சுற்றுவட்டார ஊர்களில் சின்னச் சின்னப் பள்ளிகளை நடத்தியது. ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புக் குழந்தைகள். எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்த முடியாது. எனவே பாடங்களைச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல அடுக்கி, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறும் முறையை உருவாக்கினார்கள்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள். 2007-08-ல் அது தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. செயல்வழிக் கற்றல், ஏபிஎல். இருபதுகளில் இருக்கும் நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், தரையில் பாய் விரித்து உட்கார்ந்ததும், தட்டிலிருந்து அட்டை எடுத்து வந்ததும், சுவரின் கீழ்ப்பகுதியில் உங்களுக்கென்று ஒரு கரும்பலகை இருந்ததும் ஞாபகம் வரலாம். அந்த முறைக்கும் குறைகள் உண்டு, ஆசிரியர்கள் பலர் அதிருப்தியும் தெரிவித்தார்கள். ஆனால் பின்தங்கிய குழந்தையை அடிக்காமல், அதற்கான படியில் நிற்கவிடலாம் என்ற யோசனை லட்சக்கணக்கான வகுப்பறைக் குழந்தைகளைத் தொட்டது.

கடைசி நடை

1986 ஜனவரியில் சென்னை வசந்த விஹாரில் ஜே.கே. தன் கடைசிப் பொதுக்கூட்டத்தில் பேசினார். வயது 90, கணையத்தில் புற்றுநோய். ஜனவரி 10 அன்று இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன் அடையாறு கடற்கரையில் நடந்தார். 1909-ல் லெட்பீட்டர் அவரைக் 'கண்டுபிடித்த' அதே மணல். பிப்ரவரி 17 அன்று, நித்யா இறந்த அதே ஓஹாயில் இறந்தார்.

தனக்குப் பிறகு தன் பெயரால் பேச யாருக்கும் உரிமை இல்லை, வாரிசு கிடையாது என்று முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். காமிக்ஸில் ஹீரோ போனால் அந்த உடையை இன்னொருவர் மாட்டிக்கொள்வார். இங்கே அந்த உடையை 1929-லேயே கழற்றிக் கொடுத்தாகிவிட்டது. ஒளிவட்டத்தை அவருக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பாட அட்டைகள் மட்டும் கொஞ்ச காலம் குழந்தைகள் கையில் புழங்கி, ஓரம் கிழிந்து, மறுபடி அச்சாகிக்கொண்டிருந்தன.